சார்ஜரைக் கழற்றியதும் புதிய கேமிங் மடிக்கணினி மந்தமாவது ஏன்?

வாங்கிப் பத்து நாளே ஆன மடிக்கணினியில், சார்ஜர் இணைப்பில் இருக்கும்போது சீராக ஓடும் விளையாட்டு, அதைக் கழற்றியதும் திக்கித் திணறுகிறது, இது பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

பயணிகள் விமானத்தில் சிறப்பு அனுமதியின்றி எடுத்துச்செல்ல 100 வாட்-மணி (100 வாட் மின்சாரத்தை ஒரு மணி நேரம் தரும் கொள்ளளவு) வரையுள்ள பேட்டரிக்கே இடமுண்டு என்பதால், தயாரிப்பாளர்கள் பொதுவாக அந்த எல்லையைத் தாண்டுவதில்லை. பிராசஸரும் கிராபிக்ஸ் சிப்பும் முழு வேகத்தில் சேர்ந்து 200 வாட் கேட்டால் அத்தகைய பேட்டரி அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும்; அதோடு, அவ்வளவு மின்சாரத்தை ஒரேயடியாக இழுப்பது பேட்டரி செல்களைச் சூடாக்கி அவற்றின் ஆயுளையும் குறைக்கும் என்பதால், சார்ஜர் விலகிய உடனேயே கணினி அவ்விரு சிப்களின் மின்நுகர்வையும் தானாகக் கட்டுப்படுத்திவிடுகிறது.

சார்ஜரை இணைத்த பிறகும் மந்தமாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். என் கணினியில் அப்படி நேர்ந்தபோது, பெட்டியோடு வந்த கனத்த 230 வாட் சார்ஜருக்குப் பதிலாக நான் 65 வாட் டைப்-சி சார்ஜரைச் செருகியிருந்ததே காரணம். திரையில் மின்செருகிக் குறி தெரிந்துகொண்டிருக்கும்போதே, பேட்டரி 82 சதவீதத்திலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. மெத்தையின் மேல் வைத்து விளையாடுவதும் கூடாது. அடிப்புறக் காற்றுத் துளைகள் அடைபட்டால், வெப்பம் எல்லை மீறாதிருக்க பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

உரிய சார்ஜருடன், கெட்டியான மேசையில், முழு வேகத்துக்கான அமைப்பான பெர்ஃபார்மன்ஸ் மோடில் வைத்தும் குறை நீடித்தால், நீங்களாகத் திருகாணிகளைக் கழற்றாமல், உத்தரவாதக் காலத்திலேயே சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு செல்லுங்கள்.