கறிக்கோழிக் குஞ்சுகளுக்குத் தனியாகக் கால்சியம் கொடுக்க வேண்டுமா?

ஸ்டார்ட்டர் தீவனம் (குஞ்சுகளுக்கான முதல் கட்டத் தீவனம்) வாங்கிப் போடுகிறீர்கள் என்றால் தேவையில்லை, அதிலேயே கலந்திருக்கும். கால் வலுவாகட்டும் என்று மேலே சுண்ணாம்புத்தூள் தூவுவதுதான் ஆபத்து. குஞ்சுத் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதத்தை ஒட்டியும், உடலில் சேரக்கூடிய பாஸ்பரஸ் அதில் பாதியும் இருந்தால் போதும். மக்காச்சோளம், சோயாவிலுள்ள பாஸ்பரஸில் பெரும்பகுதி கோழியால் எளிதில் செரிக்க முடியாத ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதனால்தான் பாஸ்பரஸ் தரும் டைகால்சியம் பாஸ்பேட்டும், ஃபைட்டேட்டை உடைக்கும் ஃபைட்டேஸ் நொதியும் சேர்க்கிறார்கள். கால்சியம் மிஞ்சினால் பாஸ்பரஸும் துத்தநாகமும் உடலில் சேராமல் எச்சத்தோடு போய்விடும். முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடவே போடாதீர்கள்: அதில் கால்சியம் சுமார் 3.5 சதவீதம், சிறுநீரகம் கெட்டுவிடும்.

கால்மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநாண் பக்கவாட்டில் நழுவி, கால் திருகிக்கொண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது மாங்கனீசு குறைபாட்டை. திருகிய கால் நேராகாது. மற்ற குஞ்சுகளுக்காகவாவது, சொந்தமாக அரைக்கும் தீவனத்தில் மாங்கனீசு அடங்கிய தாதுக்கலவை சரியாகச் சேர்ந்ததா என்று உடனே பாருங்கள்.