கட்டட ஆற்றல் விதிகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

வரைபடத்தையும் கணக்கையும் ஆற்றல் விதிகளோடு ஒத்துப் பார்ப்பதுதான் பல வருடமாக என் பிழைப்பு. சுவர், கூரை, ஜன்னல், ஏசி, விளக்கு பற்றிக் கேளுங்கள். எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.

மூன்றாமாண்டு_மாணவி: சார், கரண்ட் பில் கட்டுபவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வார். இதற்கு எதற்குச் சட்டம்?

கட்டுபவர் ஒருவர், பில் கட்டுபவர் இன்னொருவர், சிக்கலே அதுதானம்மா. ஜன்னலில் மிச்சம் பிடித்தவர் விற்றுவிட்டுப் போய்விடுவார், அந்த வெயிலைக் குடியிருப்பவர் ஆயுசுக்கும் சுமப்பார். 1973 எண்ணெய் நெருக்கடி இடித்த பிறகுதான் பல அரசுகளுக்கு இது உறைத்தது. அமெரிக்காவில் ஆஷ்ரே என்ற ஏசிப் பொறியாளர் சங்கத்தின் 90ஆம் தரநிலை 1975இல் வந்தது, கலிபோர்னியாவின் ஆற்றல் விதிகள் 1978இல், இந்தியாவின் கட்டட ஆற்றல் விதியான ஈசிபிசி 2007இல். வந்ததோடு நிற்கவும் இல்லை. அந்த 90இன் வாரிசான ஆஷ்ரே 90.1இன் 2004 பதிப்பு அலுவலக விளக்குகளுக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 10.8 வாட் விட்டுக்கொடுத்தது, 2019இல் அது 6.9. எல்ஈடி வந்தது, விதியும் பின்னாலேயே வந்து இறுக்கியது.

மொட்டைமாடி: கூரைக்கு வெள்ளை பெயின்ட் போதுமா, இன்சுலேஷனும் வேண்டுமா?

இரண்டும் வேறு வேலை. பெயின்ட் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது, ஆனால் தூசி படியப் படிய அதன் வேலை குறையும். அதனால்தான் ஆஷ்ரே 90.1 புது பெயின்டின் அளவைப் பார்க்காமல், மூன்று வருடம் வெயிலில் கிடந்த பிறகு எவ்வளவு திருப்புகிறது என்று பார்க்கிறது. இன்சுலேஷன், உள்ளே இறங்கும் சூட்டை மெதுவாக்குகிறது. 5 செ.மீ. பாலிஸ்டைரீன் பலகை தடுக்கும் சூட்டைக் கான்கிரீட்டால் தடுக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய இரண்டரை மீட்டர் கனத்துக்குத் தளம் போட வேண்டும். பலகை தளத்துக்கு மேலே இருக்கட்டும். கீழே ஒட்டினால் மேலே கான்கிரீட் பகலெல்லாம் காய்ந்துகொண்டேதான் கிடக்கும்.

ஜன்னலோரம்: இரட்டைக் கண்ணாடி போட்டுவிட்டேன், யூ மதிப்பு 1.6. விதி கேட்பதைவிட நல்லது. ஆனாலும் அறை கொதிக்கிறதே?

நான் எல்லோரிடமும் அடித்துக்கொள்ளும் விஷயம் இது. யூ மதிப்பு என்பது வெளிக்கும் உள்ளுக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசத்தால் கண்ணாடி வழியாகக் கடக்கும் சூடு மட்டும்தான், குறைந்தால் நல்லது. வெயில் ஊரில் அதை மட்டும் பார்த்துக் கண்ணாடி வாங்காதீர்கள், எஸ்எச்ஜிசி எவ்வளவு என்று கேளுங்கள். விழும் வெயிலில் எத்தனை பங்கு சூடாக உள்ளே வருகிறது என்பதுதான் அது. மேற்கு ஜன்னலில் மாலை ஒரு சதுர மீட்டருக்கு 600 வாட் விழுகிறது என்று வையுங்கள். சாதா ஒற்றைக் கண்ணாடிக்கு எஸ்எச்ஜிசி சுமார் 0.8, ஆக 480 வாட் உள்ளே. 0.25 உள்ள கண்ணாடி என்றால் 150. யூ மதிப்பின் பங்கு? வெளிக்கும் உள்ளுக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால் சாதா கண்ணாடி வழியாக 57 வாட், உங்களுடையதில் 16. நீங்கள் சண்டை போட்டது சின்ன எதிரியோடு.

அப்புறம், இன்னொன்றும் பாருங்கள். ஒரு கட்டடத்தில் காகிதத்தில் எல்லாம் சரி, நானே டிக் அடித்தேன், ஆனால் ஒரு தளத்தில் மட்டும் மாலையில் உட்கார முடியவில்லை என்றார்கள். இரவில் போய்க் கண்ணாடி முன்னால் லைட்டரைப் பற்றவைத்தேன். இரட்டைக் கண்ணாடிக்கு நான்கு முகம், நான்கு சுடர் தெரியும், அதில் ஒன்று மட்டும் நிறம் மாறித் தெரிந்தால், சூட்டைத் திருப்பும் மெல்லிய லோ-ஈ பூச்சு அந்த முகத்தில். வெயிலைத் தடுக்க அது வெளியிலிருந்து எண்ணினால் இரண்டாம் முகத்தில் இருக்க வேண்டும். அங்கே மூன்றில் இருந்தது, திருப்பி மாட்டிவிட்டார்கள்! யூ மதிப்பு மாறாது, எஸ்எச்ஜிசி ஏறிவிடும். அன்றிலிருந்து, கண்ணாடி வந்து இறங்கும் நாளிலேயே லேபிளைப் படமெடுத்து வைக்கச் சொல்கிறேன்.

சோலார்பித்தன்: எத்தனை கிலோவாட் பேனல் போடலாம்?

என் துறை இல்லை. முதலில் தேவையைக் குறையுங்கள்.

முகப்பு: கண்ணாடியைத் திட்டுகிறீர்கள். எங்கள் கட்டடம் முழுக்கக் கண்ணாடிதான், முழுக்கட்டடக் கணக்கில் பாஸ். உயர்தர சில்லர் போட்டோம். என்ன குறை?

விதிப்படி குறையில்லை. இரண்டு வழி உண்டு. ஒன்றில் ஒவ்வொரு உறுப்புக்கும் வரம்பு, ஆஷ்ரே 90.1இல் அந்த வழியில் போனால் சுவர்ப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் ஜன்னல் கூடாது. இன்னொன்றில் மொத்தக் கணக்கு, ஓரிடத்தில் விட்டதை வேறிடத்தில் பிடிக்கலாம். நீங்கள் சுவரில் விட்டதைச் சில்லரில், அதாவது பெரிய ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் எந்திரத்தில், பிடித்தீர்கள். அந்தச் சில்லர் இருபது, இருபத்தைந்து வருடத்தில் பழைய இரும்பு. கண்ணாடி அதற்கப்புறமும் அங்கேயே நிற்கும்.

முகப்பு: அப்போது இன்னும் நல்ல சில்லர் வந்திருக்குமே? வடிவமைப்பவர் கையைக் கட்டுவதா விதியின் வேலை?

வரட்டும், அந்த நல்ல சில்லரும் உங்கள் கண்ணாடிக்குத்தானே பாதி உழைக்கப் போகிறது? ஒரு நாள் மின்சாரம் போனால் நிழல் விழுந்த சுவருக்குள் கொஞ்ச நேரம் இருக்கலாம், உங்கள் மேற்கு அறையில் முடியுமா?

சில்லர்மணி: அண்ணே, முகப்பு சொல்வதில் நியாயம் இருக்கிறது. வரம்பை மட்டும் வைத்தால் எல்லாக் கட்டடமும் ஒரே பெட்டியாக இருக்கும்.

மணி, மொத்தக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இத்தனைக்கு மேல் சுவரில் விட்டுக்கொடுக்காதே என்று ஒரு எல்லை வை என்கிறேன். 90.1இன் 2022 பதிப்பே அப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. வெளியே நிழல்தட்டு வைத்தால் பெட்டி பெட்டியாகவும் இருக்காது.

முகப்பு: நிழல்தட்டு தோற்றத்தைக் கெடுக்கும்.

சரி, இதற்கு மேல் என்னிடம் பதிலில்லை.

பழையவீடு: வெள்ளை பெயின்ட் அடித்தால் இன்சுலேஷன் தேவையில்லைதானே?

மொட்டைமாடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

குளிர்க்காற்று: ஏசியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. ஆன்-ஆஃப் வகைப் பெரிய ஏசி சீக்கிரம் குளிர்வித்துவிட்டு நிற்கும், ஈரம் இழுக்க நேரமிருக்காது, அறை ஜில்லென்று இருந்தும் பிசுபிசுக்கும். சூட்டுக்கணக்குப் போட்டு வாங்குங்கள்.

புதுமனை: கூல் ரூஃப் பெயின்டா, இன்சுலேஷனா, எது நல்லது?

மூன்றாவது தடவை. மேலே, மேலே.

இரவுப்பறவை: போன் டார்ச்சை வைத்துப் பார்த்தேன் சார். மூன்றாவது புள்ளி மட்டும் இளஞ்சிவப்பு! போச்சா?

எந்தப் பக்கம் நின்று பார்த்தீர்கள்? உள்ளே நின்றிருந்தால் உங்களுக்கு மூன்றாவது என்பது வெளியிலிருந்து இரண்டாவது, அதுதான் சரி, போய்த் தூங்குங்கள். வெளியே நின்றிருந்தால், கடைசித் தவணையை இன்னும் கொடுக்கவில்லையே?