கூன்முதுகுத் திமிங்கிலம் நம்ம கடலுக்கு வருமா? – கேள்வி பதில்

ஹம்பேக் என்னும் கூன்முதுகுத் திமிங்கிலம் பற்றிச் செட்டிநாட்டு வாசகர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

தேவகோட்டை ஆச்சி ஒருவர்: எங்க ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் (வணிகம் பண்ண) போனவுக. வழியில திமிங்கிலம் தண்ணி பீச்சுனதைப் பாத்ததாச் சொல்லுவாக. அது இந்தச் சாதியா?

ஆச்சி, பீச்சியதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வங்கக் கடலில் நீலத் திமிங்கிலமும் உண்டு, ஸ்பெர்ம் திமிங்கிலமும் உண்டு. மேலே எழுவது அது விடும் மூச்சுதான். நீராவியும் துளிகளும் கலந்து வருவதால் தண்ணீராகத் தெரிகிறது. கூன்முதுகுக்கு அடையாளம் பக்கத் துடுப்புகள். உடல் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும். மூழ்கும்போது முதுகை வளைத்து வாலைத் தூக்கும். ஐயா அப்படி ஏதாவது சொன்னது பெரியவர்கள் யாருக்காவது நினைவிருந்தால் எழுதி வையுங்கள்.

தொண்டி, படகுக்காரர்: நம்ம பக்கம் வருமாண்ணே?

தம்பி, பாக் நீரிணை ஆழம் குறைந்த கடல், அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கன்னியாகுமரி வரை ஒன்று வந்திருக்கிறது. ஓமான் கரையோரம் லுபான் என்று பெயர் வைத்த பெண் திமிங்கிலத்துக்கு 2017-ல் செயற்கைக்கோள் கருவி பொருத்தினார்கள். அது அரபிக்கடலைக் குறுக்கே கடந்து கோவா பக்கம் வந்து, அப்படியே தெற்கே இறங்கியது.

மற்ற கூன்முதுகுகள் குளிர்கடலில் இரை தின்றுவிட்டு, குட்டி போட வெப்பக் கடலுக்குப் போகும். அரபிக்கடல் கூட்டம் அப்படி வலசை போவதில்லை. இரையும் இனப்பெருக்கமும் இங்கேயே. மற்ற கூட்டங்களிலிருந்து பிரிந்து சுமார் 70,000 ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. ஓமான் பக்கம் மிச்சமிருப்பவை நூற்றுக்கும் குறைவு என்பது மதிப்பீடு. 1965, 1966 ஆண்டுகளில் சோவியத் கப்பல்கள் சட்டவிரோதமாக இந்தக் கடலில் 242-ஐக் கொன்றன. இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு அது எப்பேர்ப்பட்ட அழிவு! அதனால்தான் மேற்குக் கடலுக்குத் தொழிலுக்குப் போகிறவர்கள் யார் பார்த்தாலும், வாலின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் வேறு, நம் கைரேகை போல. கொலம்பியாவில் பார்த்த ஓர் ஆண் திமிங்கிலம் 13,000 கிலோமீட்டருக்கு அப்பால் சான்சிபார் அருகே 2022-ல் அடையாளம் தெரிந்தது வால் படங்களால்தான்.

புதுவயல், மாணவி: முழு வெள்ளையில் ஒன்று உண்டாமே?

உண்மைதான்மா. மிகாலூ என்று பெயர். 1991-ல் ஆஸ்திரேலியாவின் பைரன் விரிகுடா அருகே முதலில் தென்பட்டது. 2020-க்குப் பிறகு உறுதியான தகவல் இல்லை. 2022-ல் விக்டோரியாவில் ஒரு வெள்ளை உடல் கரை ஒதுங்கியபோது அதுதானோ என்று பலரும் பயந்தார்கள். சோதித்தால் அது பெண்; மிகாலூ ஆண்.

காரைக்குடி, ஆசிரியர்: ஆற்றுக்குள் போனதாகப் படித்தேன்.

ஆமாம் சார். 2020-ல் ஆஸ்திரேலியாவின் காக்காடு பூங்காவில், முதலைகள் வாழும் ஆற்றுக்குள் சில கூன்முதுகுகள் போய்விட்டன. ஒன்று மட்டும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்து, தானே கடலுக்குத் திரும்பியது. 1985-ல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ ஆற்றில் ஏறிய ஹம்ப்ரி என்ற கூன்முதுகை, திமிங்கில ஒலிகளை நீருக்குள் ஒலிக்கவிட்டுத் திருப்பினார்கள்.

மீண்டும் தொண்டி: ஏதாவது திமிங்கிலம் உயிரோட கரை ஒதுங்குனா?

உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலைக் கட்டி இழுக்காதீர்கள். ஈரத் துணி போர்த்துங்கள், ஆனால் தலைமேல் இருக்கும் மூச்சுத் துளையில் தண்ணீரோ மணலோ போகக்கூடாது. கூட்டத்தைத் தள்ளி நிறுத்துங்கள். வால் பக்கம் யாரும் நிற்க வேண்டாம்.