மருத்துவம் படிக்காதவர் முதியோர் நலத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய இயலுமா?

சமூகப்பணியில் முதுகலை முடித்த நீங்கள், மருத்துவப் படிப்பு இல்லாமலே முதியோரின் உடல்நலமும் சமூகநலமும் குறித்து ஆய்வு செய்ய இயலுமா, சென்னையில் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இயலும், நானும் அவ்வழியே வந்தவள்தான்.

இத்துறைக்குச் சென்னை பொருத்தமான ஊர். அரசு பொது மருத்துவமனையில் 1978-இலேயே மருத்துவர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கினார். 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 விழுக்காடு என்றால், தமிழ்நாட்டில் 10.4 விழுக்காடு.

தலைப்பை முடிவு செய்யுமுன் நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரும் அவர்களின் வாழ்க்கைத் துணைவர்களுமாக எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரிடம் நாடு முழுவதும் நடத்தப்பட்ட, முதுமை குறித்த நெடுங்கால ஆய்வான 'லாசி'யின் (LASI) முதல் சுற்றுத் தரவுகளைப் பாருங்கள். மும்பையிலுள்ள மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் ஆய்வாளர்களுக்குக் கிடைக்கும். ஆனால் அதோடு நின்றுவிடாமல், வினாப்படிவம் எதுவுமின்றி ஓரிரு மாதமாவது களத்தில் உட்கார்ந்து பேசுங்கள் என்பதே நான் வலியுறுத்தும் செய்தி.

முதியோர் மனச்சோர்வை அளக்க உலகெங்கும் பயன்படும் பதினைந்து கேள்வி அளவுகோலைத் தமிழாக்கி, கண்ணகி நகருக்கு எடுத்துச் சென்றேன். "உங்களுக்கு உதவி இல்லை என்று அடிக்கடி தோன்றுகிறதா?" என்ற கேள்விக்கு, நகரின் நடுவிலிருந்து அங்கே குடியமர்த்தப்பட்ட மூதாட்டி ஒருவர், "இல்ல கண்ணு, ஓஏபி மாசாமாசம் வந்துடுது" என்றார். ஆதரவின்றித் தவிக்கும் மனநிலையை நான் கேட்க, முதியோர் உதவித்தொகை நின்றுவிட்டதா என்று கேட்பதாக அவர் புரிந்துகொண்டார். அன்றுவரை நிரப்பிய படிவங்களை ஒதுக்கிவிட்டு, சொற்களை அங்குள்ள முதிய பெண்களிடமே கேட்டு மாற்றி எழுதினேன். அந்த மூதாட்டியிடம் பேசிக்கொண்டே போனபோது, சர்க்கரை மாத்திரை வாங்கப் பழைய வீட்டருகே இருந்த மருத்துவமனைக்கே இன்னமும் போகிறார் என்பதும், பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும் அதற்கு ஒரு முழுநாள் கரைகிறது என்பதும், முழங்கால் வலிக்கும் மாதங்களில் மாத்திரை விட்டுப்போகிறது என்பதும் தெரிந்தன. என் ஆய்வுத் தலைப்பு அங்கிருந்துதான் பிறந்தது.

உங்கள் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒப்புதல் பெறாமல் தரவு திரட்டக் கூடாது. ஒப்புதல் படிவத்தைப் பொறுத்தவரை, "அம்மாவுக்கு ஒன்னும் தெரியாது, என்கிட்டயே கேளுங்க" என்று மகன் முன்வரும் வீடுகளே அதிகம். அவர் கையெழுத்து தாயின் சம்மதமாகிவிடாது. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டால், ஆய்வோடு தொடர்பில்லாத சாட்சி ஒருவர் முன்னிலையில் முழுவதையும் வாசித்துக் காட்டிக் கைநாட்டுப் பெற வேண்டும். பராமரிப்பு மறுக்கப்படும் பெற்றோர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுக 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தும், மகன் கூடத்தில் இருக்கையில் "சாப்பாடு ஒழுங்காகக் கிடைக்கிறதா?" என்று கேட்டால் எந்தத் தாயும் உண்மையைச் சொல்லமாட்டார், சொன்னாலும், நீங்கள் போனபின் அந்த வீட்டில் இருக்கப்போவது அவர்தான். ஆகவே, மற்றவர்கள் வேலைக்குப் போயிருக்கும் முற்பகல் நேரத்தில் செல்லுங்கள். அத்தகைய கேள்விகளை அவரோடு தனித்திருக்கையில் மட்டும் கேளுங்கள்.