‘ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ என்ற அமெரிக்க விண்வெளி டிவி தொடரின் லேசர் டிஸ்க் (டிவிடிக்கு முந்தைய பெரிய வீடியோ வட்டு) செட் விலைக்கு வருகிறது. வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்? இந்தியாவில் ஓடுமா?

ஓடும். ஆனால் டிஸ்க் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

30 செ.மீ. லேசர் டிஸ்க் என்பது இரண்டு அக்ரிலிக் தட்டுகளைப் பசையால் ஒட்டியது. பசை சரியில்லை என்றால் உள்ளே இருக்கும் அலுமினியப் பூச்சு அரிக்க ஆரம்பிக்கும். ‘லேசர் ராட்’ என்பது இதுதான். கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. அதனால் விற்பவரிடம், கப்பல் விண்வெளியில் போகும் இருட்டுக் காட்சியை ஓட்டி வீடியோ கேளுங்கள். நட்சத்திரம் வெள்ளையாக, சீராக நகரும். அரிப்புப் புள்ளியோ சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு ஃபிரேம் மின்னி மறைந்து, அடுத்த கணம் வேறிடத்தில் வரும். அமெரிக்க வெளியீட்டில் பக்கத்துக்கு ஒரு எபிசோடு. இரண்டு பக்கத்திலும் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் பாருங்கள். அரித்த டிஸ்க்கைச் சரிசெய்ய வழி கிடையாது.

அழுக்கு மட்டும்தான் என்றால் ஈர மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடையுங்கள். ஆல்கஹால் வேண்டாம், அக்ரிலிக்கில் நுண்விரிசல் விடும். வைக்கும்போது நிமிர்த்தியே வையுங்கள். அடுக்கிப் படுக்க வைத்தால் வளையும், வளைந்தால் படத்தில் குறுக்குக் கோடுகள் ஓடும்.

டிவிடி போல நாட்டுக்கு நாடு பூட்டும் ரீஜன் கோடு லேசர் டிஸ்க்குக்குக் கிடையாது. ஆனால் இந்த செட் என்டிஎஸ்சி, அதாவது அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை. இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்திய பால் (PAL) முறையை மட்டும் ஓட்டும் பிளேயரில் வராது. ஜப்பான் பிளேயர் 100 வோல்ட், அமெரிக்கப் பிளேயர் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் பவர் சப்ளை போய்விடும், ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். டிரே திறக்கவில்லை என்றால் முதலில் லோடிங் பெல்ட்டைச் சந்தேகப்படுங்கள், ரப்பர் தளர்ந்திருக்கும்.

கணினியில் ஏற்றும்போது பலர் நிறத்தையும் வெளிச்சத்தையும் தனித்தனியாக அனுப்பும் எஸ்-வீடியோ இணைப்பை எடுக்கிறார்கள். டிஸ்க்கில் பதிவானதே இரண்டும் கலந்த காம்போசிட் சிக்னல். எஸ்-வீடியோ என்றால் பிளேயருக்குள் இருக்கும் பழைய கோம்ப் ஃபில்டர் என்ற சுற்றுதான் நிறத்தைப் பிரிக்கும். வீடியோவைக் கணினிக்குள் எடுக்கும் கேப்சர் கார்டில் நல்ல 3டி கோம்ப் ஃபில்டர் இருந்தால் மஞ்சள் காம்போசிட் கேபிளே மேல். கேப்சர் செட்டிங் அமெரிக்க டிஸ்க்குக்கு என்டிஎஸ்சி-எம். ஜப்பான் டிஸ்க்குக்கு என்டிஎஸ்சி-ஜே, இல்லாவிட்டால் இருட்டுக் காட்சிகள் கறுப்பில் அமுங்கிவிடும். இன்னும் ஆழமாகப் போக நினைத்தால் டூம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற கருவி: லேசர் படிக்கும் மூல ஆர்எஃப் சிக்னலை நொடிக்கு 4 கோடி மாதிரிகளாக எடுக்கும், எல்டி-டிகோட் என்ற மென்பொருள் அதைப் படமாக்கும். பிளேயரைத் திறந்து ஒயர் சாலிடர் செய்ய வேண்டும்.

துல்லியம் மட்டும்தான் நோக்கம் என்றால் 2012 முதல் 2014 வரை வந்த புளூ-ரே போதும், அது 35 மி.மீ. ஃபிலிமிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்து எடுத்தது. ஒளிபரப்பில் வந்த அசல் வீடியோ எஃபெக்ட்ஸைப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு லேசர் டிஸ்க் நிச்சயம் மதிப்புள்ளது.