எண்ணிக்கை தவறும் இடம்

அன்புள்ள சார்,

ஓஎம்ஆரில் ஒரு கம்பெனியில் லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். இரண்டு வருட அனுபவம். இப்போது கையில் இருப்பது தொழிற்சாலைகளில் பொருத்தும் ஒரு யுஎஸ்பி கேமரா, கெர்னல் 6.1. அப்ளிகேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் எப்போதாவது கெர்னல் லாகில் இப்படி ஒரு வரி விழுகிறது: "ரெஃப்கவுண்ட்_டி: அண்டர்ஃப்ளோ; யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ". ஸ்டேக் டிரேஸ் எங்கள் டிரைவரின் க்ளோஸ் ஃபங்ஷனைக் காட்டுகிறது. அதைப் பத்துத் தடவை படித்துவிட்டேன். ஓப்பனில் ஒரு கெட், க்ளோஸில் ஒரு புட். சரியாகத்தான் இருக்கிறது.

என் சீனியர், "ரெஃப்கவுண்ட்_டியை எடுத்துட்டு பழையபடி அடாமிக்_டி போட்டுடு, வார்னிங் வராது. ஒரு தடவை வந்தப்புறம் மறுபடி வரவே மாட்டேங்குது, போர்டும் நல்லாத்தானே ஓடுது" என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் பதில் சொல்லவும் தெரியவில்லை. இன்னொரு சந்தேகம்: எண்ணிக்கை எல்லை மீறினால் ரெஃப்கவுண்ட்_டி அந்த மெமரியை விடுவிக்காமலே வைத்துவிடுமாம். லீக் ஆவதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்கிறார்கள்? ஸ்ட்ரீமைத் தொடங்கும் ஃபங்ஷனைக் கீழே ஒட்டியிருக்கிறேன்.

மீ., சோழிங்கநல்லூர்

*

அன்புள்ள மீ.,

வார்னிங்கை எடுக்காதீர்கள். உங்கள் மனம் ஒப்பாதது சரிதான். க்ளோஸ் ஃபங்ஷனைப் பதினோராவது தடவை படிக்கவும் வேண்டாம், தவறு அங்கே இல்லை. நீங்கள் ஒட்டிய முப்பது வரிகளும் கம்பெனியின் கோட் என்பதால் இங்கே வெளியிடவில்லை. ஆனால் விடை அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இந்தத் துறையில் இல்லாதவர்களும் இங்கே படிப்பதால் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலில் ஒரே ஆப்ஜெக்டை, அதாவது மெமரியில் உள்ள ஒரு தரவுத் தொகுதியை, பல இடங்கள் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். யார் கடைசியாக விடுவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால் ஆப்ஜெக்டுக்குள்ளேயே ஓர் எண். பிடிப்பவர் ஒன்று கூட்டுவார், அது கெட். விடுபவர் ஒன்று கழிப்பார், அது புட். பூஜ்யம் ஆக்கியவர் மெமரியைத் திருப்பித் தருவார். 1960இல் ஜார்ஜ் காலின்ஸ் எழுதிய யோசனை, இன்றும் மாறவில்லை. இந்த எண்ணை வைக்கும் பழைய, சோதனையற்ற வகை அடாமிக்_டி; எல்லை மீறுகிறதா என்று சோதிக்கும் வகை ரெஃப்கவுண்ட்_டி.

1997இல் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் தங்கியிருந்தேன். ஓர் அறையில் மூன்று பேர். கீழே மேனேஜர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு சிலேட்டு. அறை எண்ணுக்கு எதிரே எத்தனை பேர் என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். காலி செய்து போகிறவர் ஒன்று குறைத்துவிட்டுப் போக வேண்டும். பூஜ்யம் ஆனால் அறையை அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். எங்கள் அறையில் ஒருவர் ஊருக்கே திரும்பினார். இறங்கி வந்தவர் 3ஐ அழித்து 2 என்று எழுதினார். பெட்டியோடு அவர் தெருவில் இறங்குவதைப் பார்த்த வேலையாள் பையன், இவர் மறந்திருப்பார் என்று நினைத்து 2ஐ அழித்து 1 என்று எழுதினான். இருவரும் நல்ல எண்ணத்தில்தான் செய்தார்கள். அடுத்த வாரம் இன்னொருவர் முறைப்படி காலி செய்தார். சிலேட்டில் பூஜ்யம். நான் அப்போது அண்ணா சாலையில் ஒரு டிடிபி கடையில் இரவு வேலையில் இருந்தேன்.

விடியற்காலையில் வந்து என் சாவியைப் போட்டேன். பூட்டு திறந்தது. இதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: சாவி வேலை செய்தது. இருட்டில் கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை என்னுடையது என்று இழுத்துத் திறந்தேன். அது யாரோ ஒருவருடையது. என் டிரங்குப் பெட்டியும் அதிலிருந்த சான்றிதழ்களும் கடைசிவரை கிடைக்கவில்லை. யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்ற சொல்லை நான் கேள்விப்பட்டது அதற்குப் பல வருடங்கள் கழித்து. ஆனால் பொருள் அன்றைக்கே விளங்கிவிட்டது. விடுவிக்கப்பட்ட மெமரியைக் காட்டும் பாயிண்டர் உடைந்துபோவதில்லை. அது இன்னும் அதே இடத்தைத் திறக்கும். உள்ளே இருப்பதுதான் வேறு ஒருவருடையது.

அன்று பிடிபட்டு, "நீ யார், எப்படி உள்ளே வந்தாய்" என்று கேட்கப்பட்டவன் நான். எண்ணைத் தவறாக அழித்தவர்கள் இருவருமே அங்கே இல்லை. உங்கள் லாகில் இருக்கும் க்ளோஸ் ஃபங்ஷன் நான்தான்.

இப்போது உங்கள் கோட். டிரைவர் சாதனத்தைக் கண்டுகொள்ளும்போது எண் 1. அப்ளிகேஷன் ஓப்பன் செய்கிறது, 2. ஸ்ட்ரீம் தொடங்கும்போது வொர்க்கியூவுக்காக (பின்னணி வேலைகளின் வரிசை) ஒரு கெட், 3. கேபிள் தளர்வாக இருந்து முதல் டிரான்ஸ்ஃபர் தோற்றால், தொடங்கிவைக்கும் ஹெல்பர் தானே ஒரு புட் போட்டுவிட்டுப் பிழையைத் திருப்புகிறது: 2. அந்தப் பிழையைப் பெற்றுக்கொண்ட இடம், தன் எர்ரர் லேபிளுக்குத் தாவி இன்னொரு புட் போடுகிறது: 1. யாரும் எதையும் கவனிக்கவில்லை. 1 என்பது நியாயமான எண்தானே. பிறகு கேபிள் முழுதாகப் பிடுங்கப்படுகிறது. டிஸ்கனெக்ட் தனக்கு உரிமையான ஒரே புட்டைப் போடுகிறது: 0. மெமரி விடுவிக்கப்பட்டது. அப்ளிகேஷன் இன்னும் ஃபைலைத் திறந்துதான் வைத்திருக்கிறது. அது க்ளோஸ் செய்யும்போது, தன் நியாயமான புட்டைப் போடும்போது, பூஜ்யத்துக்குக் கீழே போகப் பார்க்கிறது. வார்னிங்.

அடாமிக்_டி போட்டால் என்ன ஆகும்? க்ளோஸ் 0ஐ மைனஸ் 1 ஆக்கிவிட்டுச் சத்தமில்லாமல் போய்விடும். இதற்குள் அந்த இடத்தை வேறு யாராவது வாங்கியிருந்தால், அவர்களுடைய ஏதோ ஒரு ஃபீல்டிலிருந்து ஒன்றைக் கழித்திருக்கும். மூன்று நாள் கழித்து நெட்வொர்க் கோடில் ஒரு க்ராஷ் வரும், நீங்கள் நெட்வொர்க் டிரைவரைப் படித்துக்கொண்டிருப்பீர்கள்.

"ஒரு தடவை வந்தப்புறம் வரவே மாட்டேங்குது" என்பதற்கும் காரணம் உண்டு. இந்த வார்னிங் ஒவ்வொரு வகையும் கணினியை ஒரு முறை பூட் செய்தால் அடுத்த பூட் வரை ஒரே ஒரு முறைதான் அச்சிடப்படும். லாக் நிரம்பிவிடக் கூடாது என்று அப்படி எழுதியிருக்கிறார்கள். தவறு இரண்டாவது, மூன்றாவது முறையும் நடக்கிறது, சொல்லப்படுவதில்லை. உங்கள் சீனியர் இதைத் தெரிந்துகொண்டால் கருத்தை மாற்றிக்கொள்வார் என்று நம்புகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதற்கு 2016 ஜனவரியைச் சொல்ல வேண்டும். இங்கே வெள்ளம் வடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. பெர்செப்ஷன் பாயிண்ட் என்ற நிறுவனம் சிவிஇ-2016-0728 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டையை வெளியிட்டது. ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் கெர்னலின் கீரிங் பகுதியில், ஒரு ப்ராசஸ் ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் செஷன் கீரிங்கையே மறுபடி கேட்டால், ஒரு கெட் நடக்கும், அதற்கான புட் நடக்காது. அவ்வளவுதான். 2012 முதல் கோடில் இருந்த தவறு. பேட்ச் போடுவதற்கு முன் என் லேப்டாப்பில் அந்த அழைப்பை நூறு முறை ஓட்டிவிட்டு கீரிங்குகளைப் பட்டியலிடும் ப்ராக் கீஸ் ஃபைலைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு ப்ராசஸ் பிடித்திருந்த கீரிங்குக்கு எதிரே எண் நூறு கூடியிருந்தது.

வெறும் லீக் என்றுதான் அன்றைக்கு எவரும் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்த எண்ணுக்கு இடம் 32 பிட். 429,49,67,296 முறை கூட்டினால் சுற்றிவந்து மறுபடி பூஜ்யத்தில் நிற்கும். அவர்களுடைய கோர் ஐ7 கணினியில் அதற்கு அரை மணி நேரம் பிடித்தது. பூஜ்யம் ஆனதும் கெர்னல் கீரிங்கை விடுவித்துவிடும். கையில் இருக்கும் பாயிண்டர் அப்படியே இருக்கும். காலியான இடத்தில் தான் விரும்பிய பைட்டுகளை நிரப்பிவிட்டால், சாதாரண யூசர், முழு அதிகாரம் உள்ள ரூட் ஆகிவிடலாம்.

ஆக, லீக்கும் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயும் இரண்டு வேறு நோய்கள் அல்ல. எண் சுற்றிவர அனுமதித்தால் முதலாவது முற்றி இரண்டாவது ஆகும். ரெஃப்கவுண்ட்_டி தடுப்பது அந்த மாற்றத்தைத்தான். 214,74,83,647ஐத் தாண்டினால் எண்ணை மைனஸ் 107,37,41,824இல் கொண்டுபோய் நிறுத்திவிடும். எதிர்மறைப் பகுதியின் நட்டநடு அது. பல சிபியுக்கள் ஒரே நொடியில் கூட்டியும் கழித்தும் அதை நகர்த்தப் பார்க்கலாம். ஆனால் வெளியே தள்ள நூறு கோடிக்கு மேல் அடிகள் வேண்டும். லினக்ஸில் ஒரே நேரத்தில் இருக்கக்கூடிய டாஸ்குகளின் உச்சவரம்பே 41,94,304தான். அதனால் அந்த ஆப்ஜெக்ட் இனி ஒருபோதும் பூஜ்யம் ஆகாது, ஒருபோதும் விடுவிக்கப்படாது. எண்ணிக்கை குழம்பிய அறையை மேனேஜர் நிரந்தரமாகப் பூட்டிவைப்பது போல. வாடகை நஷ்டம்தான். ஆனால் யாருடைய பெட்டியும் யார் கையிலும் போகாது. சில நூறு பைட்டுகளைக் கொடுத்து ரூட் பறிபோவதைத் தடுப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

இது சும்மா வந்துவிடவில்லை. யோசனை கெர்னலுக்கு வெளியே, பேக்ஸ் என்ற பாதுகாப்புப் பேட்ச்களில் பல காலம் இருந்தது. எலெனா ரெஷெடோவா, கீஸ் குக் போன்றவர்கள் அதைக் கொண்டுவரப் பாடுபட்டார்கள். பீட்டர் ஜைல்ஸ்ட்ரா எழுதிய ரெஃப்கவுண்ட்_டி 2017இல் கெர்னல் 4.11இல் சேர்ந்தது. வேகம் குறையும் என்று நெட்வொர்க் பகுதியினர் தயங்கினார்கள். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பல கெட், பல புட் நடக்கும் இடத்தில் அந்தத் தயக்கம் நியாயமானது. அதனால் சில காலம் முழுச் சோதனை, வேகமான அரைச்சோதனை என்று இரண்டு வடிவங்கள் இருந்தன. 2020 ஜனவரியில் வந்த 5.5இல்தான் வில் டீகன் அதைச் சீரமைத்து, எல்லா ஆர்க்கிடெக்சரிலும் எப்போதும் முழுச் சோதனை என்றாக்கினார். இவ்வளவு பேர் இவ்வளவு வருடம் போராடிப் போட்ட தாழ்ப்பாளை ஒரு லாக் வரி கண்ணை உறுத்துகிறது என்பதற்காகக் கழற்றுவது எனக்கு வலிக்கிறது.

ஆனால் ரெஃப்கவுண்ட்_டியிடம் இல்லாததை எதிர்பார்க்கவும் கூடாது. மேலே வழிவதை அது முழுமையாகத் தடுக்கும். கீழே இறங்குவதைப் பாதிதான் பிடிக்கும். உங்கள் கணக்கில் 2 தவறாக 1 ஆன இடத்தைப் பாருங்கள்: அங்கே அதற்கு எந்தச் சந்தேகமும் வர வழியில்லை. அது ஓர் எண். யார் கழித்தார் என்று அதற்குத் தெரியாது. வார்னிங் வரும் நேரத்தில் தவறு நடந்து முடிந்திருக்கும், அதுவும் காலியான மெமரியை இன்னும் யாரும் வாங்காமல் இருந்தால்தான் வார்னிங்கே. மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான் கருவியைப் போட்டாலும் விடுவித்தது டிஸ்கனெக்ட் என்று காட்டும். அதுவும் நிரபராதி.

டிரங்குப் பெட்டி போன பிறகு மேன்ஷனில் சிலேட்டை மாற்றினார்கள். எண்ணுக்குப் பதிலாகப் பெயர்கள். ஊருக்குப் போகிறவர் தன் பெயரை அழிப்பார். அழிந்த பெயரை இன்னொருவர் அழிக்க முடியாது. எரிக் டுமாஸே எழுதி, 2022இல் 5.17இல் வந்த ரெஃப்_டிராக்கர் இதைத்தான் செய்கிறது. ஒவ்வொரு கெட்டுக்கும் ஒரு சீட்டு. அதில் எங்கே வாங்கினோம் என்ற ஸ்டேக் டிரேஸ். புட் போடும்போது அந்தச் சீட்டைத் திருப்பித் தர வேண்டும். ஒரே சீட்டை இரண்டு முறை தந்தால், ஏற்கெனவே விட்டாயிற்று என்று சொல்லி, வாங்கிய இடத்தையும் முதலில் விட்ட இடத்தையும் அச்சிடும். நெட்வொர்க் டிவைசை நீக்கும்போது "யூசேஜ் கவுண்ட் = 1" என்று முடிவில்லாமல் காத்திருக்கும் அந்தப் பிரபலமான வரியால் பல வருடம் அவதிப்பட்ட பிறகு பிறந்த கருவி அது. ஒவ்வொரு கெட்டுக்கும் மெமரியும் நேரமும் கேட்கும் என்பதால் வெளியிடும் கெர்னலில் வைக்க முடியாது. டெஸ்ட் கெர்னலில் தாராளமாக வைக்கலாம். உங்கள் 6.1இல் இருக்கிறது.

ரஸ்ட் மொழியில் எழுதினால் இந்தத் தவறு வராதா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். இந்த வகைத் தவறு பெரும்பாலும் வராது. எண்ணிக்கையைத் தானே பார்த்துக்கொள்ளும் ஆர்க் மதிப்பு ஸ்கோப்பை விட்டுப் போகும்போது புட்டைக் கம்பைலரே போடும், அதுவும் ஒரே முறை. ஆனால் இருக்கும் சி டிரைவரை நீங்கள்தான் பராமரிக்க வேண்டும்.

அதற்கு நான் வைத்திருக்கும் பழக்கம் ஒன்று. ஒவ்வொரு கெட்டுக்கும் மேலே, இது யாருக்காக, எந்த ஃபங்ஷன் இதை விடும் என்று ஒரு வரி கமெண்ட். அந்த வரியை எழுத முடியவில்லை என்றால் டிசைனே தெளிவாக இல்லை என்று அர்த்தம். உங்கள் ஹெல்பர் வாங்கியதை ஹெல்பரே தோல்வியில் விட்டுவிடுகிறது, அது சரி. அழைத்த இடத்தின் எர்ரர் லேபிளில் இருக்கும் புட்டை எடுங்கள்.

அதை எடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். முதல் டிரான்ஸ்ஃபர் எப்போதும் பிழை திருப்பும்படி ஹெல்பரில் ஒரு வரி சேர்த்துவிட்டு, அப்ளிகேஷனைத் திறந்து, கேபிளைப் பிடுங்கி, பிறகு அப்ளிகேஷனை மூடுங்கள். "எப்போதாவது" என்பது கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் ஆகிவிட வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் கெர்னலின் சோதனை ஃபைல்சிஸ்டமான டீபக்எஃப்எஸ்ஸில் இருக்கும் கிளியர்_வார்ன்_ஒன்ஸ் ஃபைலில் 1 எழுதுங்கள், அப்போதுதான் வார்னிங் மறுபடி அச்சாகும். சீனியரையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் புட்டை நீக்கிவிட்டு அதையே திரும்பச் செய்து பாருங்கள். அப்போதும் வார்னிங் வந்தால் டிஸ்கனெக்ட் ஃபங்ஷனையும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.