பெரியப்பா சொல்லும் சட்டப் படிப்பும் மகள் கேட்கும் தத்துவமும்

சிங்கப்பூரில் ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டில் இருக்கும் உங்கள் மகள், சமூக நீதி பற்றி எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸைப் படித்துவிட்டு, தத்துவம்தான் எடுப்பேன் என்கிறாள். ஐந்தறை வீட்டை விற்று மூவறைக்கு மாறினால் இங்கிலாந்தில் சட்டம் படிக்க வைக்கலாம் என்கிறார் பெரியப்பா. உங்கள் கவலை புரிகிறது, அம்மா. ஆனால் வீட்டை விற்காதீர்கள்.

அங்கே வாங்கும் எந்தச் சட்டப் பட்டத்தை வைத்தும் இங்கே வழக்கறிஞராகிவிடலாம் என்றில்லை; சிலவற்றுக்குத்தான் அங்கீகாரம். அங்கீகாரம் பெற்ற பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் எண்ணிக்கை 2016-இல் 19-இலிருந்து 11 ஆகச் சுருங்கியது. திரும்பி வந்தாலும் தேர்வுகள், பயிற்சிக்காலம் என்று இழுக்கும். சம்பளத்தில் பிடிக்கும் மத்திய சேமநிதியிலிருந்து (சிபிஎஃப்) எடுக்கும் கல்விக் கடனும் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது.

தத்துவம், அரசியல், பொருளியல் மூன்றையும் இணைத்த பட்டப்படிப்பு சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது. சொந்தக்காரர்கள் இதைப் பேசவே மாட்டார்கள். ரால்ஸ் நிற்பது இந்த மூன்றும் சந்திக்கும் இடத்தில். கட்டணத்துக்கு உங்கள் சேமநிதிச் சாதாரணக் கணக்கில் 40 விழுக்காடு வரை எடுக்கலாம். அது இனாம் அல்ல. படிப்பு முடிந்து ஓராண்டில் தொடங்கி, 12 ஆண்டுக்குள் மகள் வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். இதை இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

அதற்குமுன் இது நாட்டமா, மோகமா என்று பாருங்கள். ரால்ஸின் 'எ தியரி ஆஃப் ஜஸ்டிஸ்' (1971) 87 பிரிவுகள் கொண்ட தடித்த புத்தகம். முதல் பக்கத்திலிருந்து படிக்கப் போனால் சலித்துவிடும். முன்னுரையில் அவரே குறுக்குவழி காட்டுகிறார்: பிரிவு 1–4, பிறகு 11–17, அப்புறம் மூன்றாம் அத்தியாயம் முழுவதும். ஆறு வாரம் கொடுங்கள். முடிவில் ஒரே கேள்வி கேளுங்கள். மூன்று பேர் கொண்ட சமூகத்தில் மாத வருமானம் (சிங்கப்பூர் வெள்ளியில்) மூன்று விதமாக அமையலாம்: 2000, 2000, 2000, அல்லது 2400, 3500, 6000, அல்லது 1800, 7000, 12000. ரால்ஸ் எதை எடுப்பார்?

முதலாவது என்றால், எல்லாருக்கும் சமமாகப் பங்கிடச் சொன்னவர் என்று தப்பாகப் புரிந்திருக்கிறாள். பலரும் சறுக்குவது இங்கேதான். மொத்தத் தொகை பெரியது என்று மூன்றாவதைச் சொன்னால், அது ரால்ஸ் எதிர்த்த பயன்வாதம். விடை இரண்டாவது: அடியில் இருப்பவருக்கு அதிகம் கிடைப்பது அதில்தான். அடிப்படைச் சுதந்திரமும் நியாயமான வாய்ப்பும் முதலில் உறுதியான பிறகே இந்தக் கணக்கு என்று அவளே சேர்த்துச் சொன்னால், நாட்டம் உண்மை. வெவ்வேறு மதத்தவர் ஒரே அரசியல் ஒழுங்கை எப்படி ஏற்பார்கள் என்பதை 1993-இல் வந்த அவருடைய 'பொலிட்டிக்கல் லிபரலிசம்' பேசுகிறது; அதைத் தானாகவே தேடி எடுத்தால் இன்னும் நல்லது.

ஆறு வாரத்தில் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடவேயில்லை என்றால் வேறு பாடம் பேசலாம். அப்போதும் வீடு விற்பனைக்கு இல்லை.